மங்கம்மாள் சத்திரத்தின் பழைய படங்கள்: எடுத்த காலத்தையும் இடத்தையும் உறுதிசெய்வது எப்படி?

கேள்வி | மேலப்பெருமாள் மேஸ்திரி வீதி

அனைவருக்கும் வணக்கம். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள மங்கம்மாள் சத்திரத்தையும் அதைச் சுற்றிய வீதிகளையும் காட்டுவதாக எங்கள் குடும்பத்தில் சொல்லப்பட்டு வரும் நான்கு பழைய படங்கள் என்னிடம் வந்து சேர்ந்திருக்கின்றன. என் தாத்தா மேலவெளி வீதியில் தகரப்பெட்டி, ஹோல்டால் முதலிய பயணச் சாமான்கள் விற்கும் கடை வைத்திருந்தார். சத்திரத்தில் தங்க வருபவர்களும் ரயிலுக்குப் போகிறவர்களும்தான் அவருடைய வாடிக்கையாளர்கள் என்பதால், அந்தச் சுற்றுப்புறத்தின் படம் எங்கே கிடைத்தாலும் அவர் வாங்கி வைத்துக்கொண்டார் என்று அப்பா சொல்வார்.

முதல் படம் தடித்த அட்டையில் ஒட்டப்பட்டு, பழுப்பும் மஞ்சளுமாக மங்கியிருக்கிறது. தூண்கள் கொண்ட நீண்ட முகப்பும், அதன் முன்னால் மாடு அவிழ்த்துவிட்ட வண்டிகளும், குறுக்குச் சட்டம் பொருத்திய ஒரு கம்பமும், பின்னணியில் தொலைவாகக் கோபுரங்களும் தெரிகின்றன. இரண்டாவது, தபாலில் வந்த ஒரு பட அட்டை. அதில் சத்திரம் ஓர் ஓரமாக மட்டுமே இருக்கிறது. நிலையத்தை நோக்கிய பார்வையாக எடுத்திருக்கிறார்கள். மூன்றாவது வெள்ளை விளிம்புடைய கறுப்பு வெள்ளைப் படம். கைரிக்‌ஷாக்களும் கடைப் பலகைகளும் நிறைந்தது. நான்காவது வண்ணப் படம், முழுவதும் சிவந்து போயிருக்கிறது.

முதல் படத்தைப் பற்றி வீட்டில் இரண்டு கருத்துகள் உள்ளன. கேப்டன் லின்னேயஸ் ட்ரைப் 1858-இல் மதுரையில் எடுத்த படங்களில் இதுவும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது பெரியப்பா மகனின் எண்ணம். அத்தையோ, இது சத்திரமே அல்ல, புதுமண்டபம் என்று உறுதியாகச் சொல்கிறார். இதை எப்படித் தீர்ப்பது? இந்தப் படங்களை எடுத்தவர்கள் நின்ற அதே இடங்களில் நின்று இன்றைய காட்சியையும் எடுத்து, இரண்டையும் அருகருகே வைக்க வேண்டும் என்பது என் விருப்பம். அந்த இடங்களைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறதா? படங்களைச் சுத்தம் செய்து, கணினியில் வண்ணமேற்றித் தருவதாக ஒரு கடையில் சொல்கிறார்கள். அதற்குச் சம்மதிக்கலாமா என்பதையும் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி | தல்லாகுளம்

நண்பருக்கு வணக்கம். நான் நில அளவைத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். சத்திரத்தின் படத்துக்குக் காலம் குறிக்க வேண்டுமானால் சத்திரத்தைப் பார்ப்பதைவிடச் சத்திரத்தைச் சுற்றி என்ன நிற்கிறது என்று பார்ப்பதே பயன் தரும் என்பது என் அனுபவம். கட்டடம் சுண்ணாம்பு பூசிப் பூசி நூறு ஆண்டுகளுக்கு ஒரே தோற்றத்தில் இருக்கக்கூடும். கம்பமும் பலகையும் வண்டியும் அப்படி இருப்பதில்லை.

முதலில் அத்தையின் ஐயத்துக்கு வருகிறேன். அந்த ஐயத்துக்கு நியாயமான காரணம் உண்டு. திருமலை நாயக்கர் எழுப்பிய புதுமண்டபத்தை அந்நாளைய ஐரோப்பியர்கள் ‘திருமலை நாயக்கர் சௌல்ட்ரி’ (சௌல்ட்ரி என்றால் சத்திரம்) என்றே எழுதினார்கள். 1792-இல் மதுரைக்கு வந்த தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் ஆகிய ஓவியர்களின் அச்சுப் படத்திலும் அந்தப் பெயர்தான் உள்ளது. அதனால் ‘மதுரை சௌல்ட்ரி’ என்ற குறிப்போடு இணையத்தில் கிடைக்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் படங்களில் பெரும்பாலானவை புதுமண்டபத்தின் படங்கள். அவற்றில் வழிப்போக்கர் தங்கும் சத்திரத்தைத் தேடினால் கிடைக்காது. ஆனால் புதுமண்டபம் கோயிலின் கீழைக் கோபுரத்துக்கு நேர் எதிரே நிற்பது. அதை எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தாலும், கோபுரம் படத்தில் வருமானால் அண்ணாந்து பார்க்கும் உயரத்தில் பக்கத்திலேயே நிற்கும். உங்கள் படத்தில் கோபுரங்கள் ‘தொலைவாக’ இருக்கின்றன என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். முகப்புக்கு முன்னால் வண்டிகளை அவிழ்த்துவிடும் அளவுக்கு அகலமான திறந்த வெளியும் இருக்கிறது. ஆகவே அது புதுமண்டபமாக இருக்க இயலாது.

அடுத்தது 1858. ட்ரைப் சென்னை மாகாண அரசின் புகைப்படக் கலைஞராக அந்த ஆண்டின் தொடக்கத்தில் மதுரைக்கு வந்தார். கோயில், நாயக்கர் அரண்மனை, வண்டியூர்த் தெப்பக்குளம், வைகையின் குறுக்கே இருந்த தரைப்பாலம் எனப் பலவற்றை எடுத்தார். அவர் பயன்படுத்தியது மெழுகூட்டிய தாள் நெகட்டிவ். அதற்கு வெளிச்சம் நெடுநேரம் பட வேண்டும் என்பதால் நடமாடுகிறவர்கள் படத்தில் பதிவதில்லை, அல்லது புகைபோலக் கலைந்து தெரிவார்கள். உங்கள் படத்தில் அவிழ்த்துவிட்ட மாடுகளின் வாலும் கொம்பும் தெளிவாக விழுந்திருக்கின்றனவா என்று ஒரு பூதக்கண்ணாடியால் பாருங்கள். தெளிவாக இருந்தால், அது விரைவாகப் பதிவு செய்யும் உலர்தகடுகள் பரவிய 1880-களுக்குப் பிறகு எடுத்ததாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கம்பத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். தந்திக் கம்பி 1850-களிலேயே நம் நாட்டுக்கு வந்துவிட்டது.

இதைவிட வலுவான சாட்சி ஒன்று உங்கள் படத்திலேயே இருக்கக்கூடும். மேற்கே நிலையத்தின் பக்கம் நின்று பார்த்தால் நேரே தெரிவது மேலைக் கோபுரம். அதற்கு இடப்புறம் தெரிவது வடக்குக் கோபுரம். அந்த வடக்குக் கோபுரம் மேல் நிலைகள் இல்லாமல் நெடுங்காலம் மொட்டைக் கோபுரமாகவே நின்று, 1870-களின் இறுதியில்தான் நகரத்தார் திருப்பணியால் முழுமை பெற்றது. உங்கள் படத்தில் அது மொட்டையாக இருந்தால் படம் அதற்கு முந்தியது. முழு உயரத்தோடு இருந்தால் ட்ரைப்பைப் பற்றிய பேச்சே எழாது. ஒருவேளை மொட்டைக் கோபுரமும் ரயில் பாதையும் ஒரே படத்தில் இருக்குமானால், அது மிகக் குறுகிய சில ஆண்டுகளுக்குள் எடுக்கப்பட்ட அரிய படமாகிவிடும், ஏனெனில் மதுரைக்கு ரயில் வந்ததே 1875-இல்தான்.

சுற்றுப்புறம் மாறிய வரலாற்றையும் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் அது தெரியாமல் இந்தப் படங்களைப் படிக்க முடியாது. 1689-இல் பேரன் விஜயரங்க சொக்கநாதனுக்காக ஆட்சிப் பொறுப்பை ஏற்ற ராணி மங்கம்மாள், சாலைகளையும் அவற்றின் ஓரம் நிழல்மரங்களையும் கிணறுகளையும் சத்திரங்களையும் அமைத்ததற்காகவே இன்றுவரை தெற்கத்திச் சீமையில் நினைக்கப்படுகிறவர். அவர் காலத்தில் மதுரை எழுபத்திரண்டு கொத்தளங்களோடு கூடிய கோட்டைக்குள் இருந்தது. இன்று நாம் ‘நிலையத்து எதிர்ப்பக்கம்’ என்று சாதாரணமாகச் சொல்லும் பகுதி அன்று கோட்டையின் மேற்கு விளிம்பு. 1830-களின் இறுதியிலும் 1840-களிலும் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தபோதுதான் நகரம் வெளியே பரவியது. பெருமாள் மேஸ்திரி வீதிகள், மாரட் வீதிகள், வெளிவீதிகள் எல்லாம் அந்த வேலையில் பிறந்தவை. பெரியார் பேருந்து நிலையத்துக்கு அருகில் எஞ்சி நிற்கும் கோட்டைத் துண்டைப் பார்க்காமல் மேலவெளி வீதியின் எந்தப் பழைய படத்தையும் பேசக்கூடாது என்று நான் இளையவர்களிடம் வற்புறுத்துவது உண்டு.

பிறகு 1875-இல் ரயில் வந்தது. 1876-இல் பாதை தூத்துக்குடி வரை திறக்கப்பட்டது. 1902-இல் மண்டபம் வரை போயிற்று. 1914-இல் பாம்பன் பாலமும் திறந்துவிட்டது. இந்த ஆண்டுகளைச் சத்திரத்தின் வரலாறாகவே நான் பார்க்கிறேன். நடந்தும் வண்டி கட்டியும் வந்தவர்களின் தங்குமிடம், ராமேசுவரத்துக்கு வண்டி மாறும் வடநாட்டு யாத்திரிகர்களின் தங்குமிடமாக மாறியது இந்த வரிசையில்தான். ஜட்கா நிறுத்தமும், பூக்கடையும், உங்கள் தாத்தாவின் கடை போன்ற பயணச் சாமான் கடைகளும், டவுன்ஹால் ரோட்டிலும் மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியிலும் நெருங்கி நிற்கும் லாட்ஜுகளும் அதன் பின்விளைவுகள். இரண்டாவது படம் நிலையத்தை நோக்கிய பார்வை என்றால், நிலையத்துக்குப் பின்னால் ஆலைப் புகைபோக்கி தெரிகிறதா என்று பாருங்கள். ஹார்வி சகோதரர்களின் மதுரை மில் 1890-களின் தொடக்கத்தில் ஓடத் தொடங்கியது.

மூன்றாவது படத்துக்குக் கடைப் பலகைகளே போதும். விலை அணாவில் எழுதியிருந்தால் 1957 ஏப்ரலுக்கு முந்திய பலகை, ‘ந.பை.’ (நயா பைசா) என்று இருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடைப்பட்டது. தென்னிந்திய ரயில்வே என்ற பெயர் எங்கேனும் இருந்தால் 1951-க்கு முன்னால் எழுதியது. லை, னை போன்ற எழுத்துகள் பழைய துதிக்கை வடிவத்தில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது 1978-இல். பழைய பலகையை உடனே யாரும் மாற்றிவிடுவதில்லை என்பதால் பழைய வடிவம் இருப்பது மட்டும் எதையும் மெய்ப்பிக்காது; புதிய வடிவம் இருந்தால்தான் 1978-க்குப் பிந்தியது என்று துணிந்து சொல்லலாம் (சீர்திருத்த எழுத்தை 1935 முதலே பயன்படுத்திய பெரியார் இயக்கத்தாரின் பலகைகள் இதற்கு விலக்கு). கைரிக்‌ஷாவை அரசு ஒழித்தது 1973-இல். வண்ணப் படத்தில் வாகன எண் டி.என். 58 அல்லது 59 என்று தொடங்கினால் அது 1989-க்குப் பிந்தியது.

எடுத்தவர் நின்ற இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு முறை உண்டு. நாங்கள் அளவைச் சங்கிலியும், கோணம் அளக்கும் தியோடலைட்டும் தூக்கித் திரிந்த காலத்தில் கற்ற பாடம்தான் அது. படத்தில் ஒன்றுக்கு நேர் பின்னால் மற்றொன்றாகத் தெரியும், அருகில் உள்ள ஒரு பொருளையும் தொலைவில் உள்ள ஒரு பொருளையும் தேர்ந்தெடுங்கள். சத்திரத்தின் ஒரு தூணின் விளிம்பும் கோபுரத்தின் ஒரு கலசமும் என்று வைத்துக்கொள்வோம். அவ்விரண்டும் நேரிலும் அதேபோல ஒன்றுக்கு நேர் பின்னால் மற்றொன்றாகத் தெரியும்வரை நீங்கள் இடமும் வலமும் நகர வேண்டும். அப்படி ஒரு நேர்கோடு கிடைக்கும். வேறொரு இணையை எடுத்து இன்னொரு நேர்கோட்டைக் கண்டால், இரண்டும் வெட்டும் புள்ளியில்தான் கேமரா இருந்தது. லென்ஸ் எதுவாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. நின்ற இடம் மாறினால் மட்டுமே மாறும். இன்று கட்டடங்கள் மறைப்பதால் கோபுரம் தரையிலிருந்து தெரியாமல் போகலாம். அப்போது சத்திரத்தின் தூண்களையே ஒன்றுக்குப் பின் ஒன்றாக வைத்துப் பாருங்கள்.

மறுமொழி | எஸ்.எஸ். காலனி

தல்லாகுளம் ஐயா படத்துக்குள் இருப்பதைச் சொல்லிவிட்டார். நான் படம் அச்சான தாளைப் பற்றிச் சொல்கிறேன். பழைய படங்களைப் பேணும் தொழிலில் இருக்கிறேன்.

அட்டையில் ஒட்டிய முதல் படத்தின் வெளிர்ந்த பகுதியைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். தாளின் நார்கள் படத்தின் ஊடாகத் தெரிந்தால் அது முட்டை வெண்கரு பூசிய ஆல்புமன் தாள். அந்த வகை 1850-களின் நடுவிலிருந்து 1890-கள் வரை ஆட்சி செய்தது. நார்கள் தெரியாமல் வழுவழுப்பாக இருந்து, இருண்ட ஓரங்களைச் சாய்த்துப் பார்க்கும்போது வெள்ளிபோல மினுங்கினால், அது அதற்குப் பின் வந்த ஜெலட்டின் தாள். ஆல்புமன் என்று தெரிந்துவிட்டால் ட்ரைப் என்று ஆகிவிடாது. முப்பது நாற்பது ஆண்டுகள் எல்லாருமே அந்தத் தாளில்தான் அச்சிட்டார்கள். பட அட்டைக்கு அஞ்சல்தலையில் உள்ள மன்னரைப் பாருங்கள்: ஏழாம் எட்வர்ட் என்றால் 1902 முதல் 1910-களின் தொடக்கம் வரை, ஐந்தாம் ஜார்ஜ் என்றால் அதற்குப் பிறகு. பின்பக்கம் முகவரிக்கும் செய்திக்கும் நடுவே கோடு இல்லாமல் முகவரிக்கு மட்டும் இடம் விட்டிருந்தால் அட்டை இன்னும் பழையது. வண்ணப் படம் சிவந்து போனதற்குக் காரணம் அதன் சயான் (நீலப்பச்சை) சாயம் மற்றச் சாயங்களைவிட விரைவில் அழிந்ததே. வெயிலே படாமல் ஆல்பத்துக்குள் இருந்தாலும் மதுரை வெப்பத்தில் இது நடக்கும்.

வண்ணமேற்றும் யோசனையை நான் முழு மனத்தோடு எதிர்க்கிறேன். அந்த மென்பொருள் ஓட்டின் நிறத்தையும் சேலையின் நிறத்தையும் தானே கற்பனை செய்து பூசுகிறது. கீறலை நிரப்புவதாகச் சொல்லி, இல்லாத தூணையும் இல்லாத முகத்தையும் வரைந்துவிடுகிறது. தல்லாகுளம் ஐயா சொன்ன அத்தனை சான்றுகளும், அந்தக் கம்பமும் பலகை எழுத்தும் கோபுர நுனியும், முதலில் அழிவது இப்படிப்பட்ட ‘சுத்தம்’ செய்யும்போதுதான். முதலில் ஒரு தட்டை ஸ்கேனரில் 600 டி.பி.ஐ. அல்லது அதற்கு மேல், டிஃப் (TIFF) கோப்பாக, முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் எடுத்து வையுங்கள். அந்தக் கோப்பில் யாரும் கை வைக்கக் கூடாது. வண்ணம் பார்க்க ஆசையாக இருந்தால் நகலொன்றில் செய்து, ‘வண்ணம் பிற்காலத்தில் சேர்த்தது’ என்று படத்தின் மேலேயே எழுதிவிடுங்கள்.

நம் ஊரில் அன்பு மிகுந்தவர்கள் செய்யும் பெருங்கேடு லேமினேஷன். சூடான பிளாஸ்டிக்கில் ஒருமுறை மூடிய படத்தை மீட்கவே முடியாது. செல்லோடேப், பரண், பீரோவில் பாச்சை உருண்டை, ஒட்டும் பிளாஸ்டிக் ஆல்பம் இவற்றையும் தவிருங்கள். பாலியெஸ்டர் உறையில் போட்டு, வெளிச்சுவரை ஒட்டாத அறையில், தரையிலிருந்து உயர்த்தி வைத்தால் போதும். கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படம் இருந்தால் பிய்க்காமல் கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள்.

மறுமொழி | திருமங்கலம்

தம்பி, உங்கள் பதிவைப் பேத்தி படித்துக் காட்டினாள். நான் சொல்லச் சொல்ல அவளே தட்டச்சு செய்கிறாள். 1960-களில் நாங்கள் சிறுபிள்ளைகளாக இருந்தபோது, சித்திரைத் திருவிழாவுக்குத் திருமங்கலத்திலிருந்து பாசஞ்சர் வண்டியில் மதுரைக்கு வருவோம். விடியலில் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க வேண்டும் என்றால் முந்தின நாளே வந்துவிட வேண்டும். நிலையத்துக்கு எதிரே சத்திரத்துப் பக்கம் எங்கள் கூட்டம் புளியோதரை மூட்டையோடு உட்காரும். ஆண்கள் வெளியே சாலையோரத்தில், பெண்களும் பிள்ளைகளும் உள்பக்கமாக. லாட்ஜில் அறை எடுப்பது என்பது எங்கள் நினைப்பிலேயே இல்லாத காலம். அந்த இடத்தில் கூட்டத்தைப் பார்த்து நான் அஞ்சியதே இல்லை, ஏனென்றால் சுற்றியிருந்த எல்லாரும் எங்களைப் போலவே மூட்டை முடிச்சோடு வந்தவர்கள்.

ஆனால் ஒன்றை மட்டும் சேர்த்து எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சத்திரம் என்றாலே எல்லாருக்கும் எப்போதும் கதவு திறந்திருந்தது என்று இப்போதைய பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். பழங்காலத்துச் சத்திரங்களில் இன்ன சாதியாருக்குச் சோறு, இன்னாருக்கு உள்ளே இடம், இன்னாருக்குத் திண்ணையோடு சரி என்ற பிரிவு நாடெங்கும் இருந்தது. மீனாட்சியம்மன் கோயிலுக்குள்ளேயே 1939-இல் வைத்தியநாத ஐயர் அழைத்துச் சென்ற பிறகுதானே தாழ்த்தப்பட்டவர்களும் நாடார்களும் போக முடிந்தது? உங்கள் முதல் படத்தில் முகப்புக்குள் நிற்பவர் யார், வண்டிக்கு அருகில் வெயிலில் நிற்பவர் யார் என்று உற்றுப் பாருங்கள். கோபுரத்தையும் கம்பத்தையும் குறிக்கிற அதே கவனத்தோடு அந்த மனிதர்களையும் குறித்து வையுங்கள். உங்கள் தாத்தாவின் கடையில் வேலை பார்த்தவர்கள், நிலையத்துச் சுமைகூலிகள், பூக்கட்டியவர்கள் ஆகியோரில் இன்றும் இருப்பவர்களை அழைத்துப் படத்தைக் காட்டினால், தூணைப் பற்றி எவரும் அறியாததை அவர்கள் சொல்வார்கள்.

மறுமொழி | எழும்பூர் (சொந்த ஊர் மதுரை)

ஆவணங்கள் பற்றிச் சுருக்கமாக. சத்திரங்களுக்கு விடப்பட்ட நிலங்களின் வருமானம் உரிய வகையில் செலவாகிறதா என்று மேற்பார்வையிடும் பொறுப்பை 1817-ஆம் ஆண்டின் ஏழாவது ஒழுங்குமுறைச் சட்டம் ரெவினியூ போர்டிடம் கொடுத்தது. 1871-இன் உள்ளாட்சி நிதிச் சட்டத்துக்குப் பிறகு அப்படிப்பட்ட சத்திரங்கள் உள்ளாட்சி நிதி வாரியங்களின் கைக்குப் போயின. ஆகவே பழுதுபார்ப்பு, சுற்றுச்சுவர், முன்வெளிக் கடைகள் போன்றவற்றுக்கான கடிதப் போக்குவரத்தைத் தேட வேண்டிய இடம் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். 1868-இல் வெளியான நெல்சனின் மதுரை மாவட்டக் கையேடும், 1906-இல் வெளியான பிரான்சிஸின் கெசட்டியரும் (மாவட்ட விவரத் தொகுப்பு) பொது வரலாற்றுக்கு உதவும். தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தையும் கேட்டுப் பாருங்கள். மூலப் படங்களை எந்த நிறுவனத்துக்குக் கொடுத்தாலும், கொடுக்கும் முன் முழு ஸ்கேனும் கையொப்பமிட்ட ரசீதும் உங்களிடம் இருக்கட்டும்.

கேட்டவரின் பதில் | மேலப்பெருமாள் மேஸ்திரி வீதி

அனைவருக்கும் மிகுந்த நன்றி. நீங்கள் சொன்னபடி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். முதல் படத்தில் தாளின் நார்கள் நன்றாகத் தெரிகின்றன, ஆகவே ஆல்புமன்தான். மேலைக் கோபுரத்துக்கு இடப்புறம் வடக்குக் கோபுரம் முழு உயரத்தோடு நிற்கிறது. மாடுகளில் ஒன்றின் தலை மட்டும் சற்றுக் கலைந்திருக்கிறது. மற்றவை கூர்மையாக உள்ளன. 1870-களின் இறுதிக்கும் 1890-களுக்கும் இடைப்பட்டது என்று குறித்துக்கொள்கிறேன். பெரியப்பா மகனும் இதை ஏற்றுக்கொண்டார். கோபுரங்கள் நிற்கும் நிலையைப் பார்த்த பிறகு, அது புதுமண்டபம் அல்ல என்பதில் அத்தைக்கும் ஐயமில்லை.

பட அட்டையில் ஐந்தாம் ஜார்ஜ் தலை இருக்கிறது. வலப்புறம் புகைபோக்கியும் தெரிகிறது. மூன்றாவது படத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பலகையில் ‘அணா’ என்பது தெளிவாக உள்ளது. அதற்கு அடுத்த பலகையில் ரயில்வேயின் பெயர் பாதி மறைந்திருப்பதால் அதைக் கொண்டு எதுவும் சொல்ல முடியவில்லை. வண்ணமேற்றும் எண்ணத்தை விட்டுவிட்டேன்.

திருமங்கலம் அம்மாவின் சொல் என்னை அந்தப் படத்தை முற்றிலும் வேறு வகையில் பார்க்க வைத்தது. முதல் படத்தில் தூண்களுக்குள் நால்வர் அமர்ந்திருக்கிறார்கள். வண்டிகளுக்குப் பக்கத்தில் தலையில் துணி கட்டிய இருவரும், இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண்ணும் நிற்கிறார்கள். இத்தனை ஆண்டுகளாக இந்தப் பெண்ணை எங்கள் வீட்டில் யாரும் கவனித்துச் சொன்னதில்லை. ஒவ்வொருவரும் நிற்கும் இடத்தைப் படத்தின் நகலில் எண்ணிட்டுக் குறித்திருக்கிறேன். தாத்தாவின் கடையில் கணக்கு எழுதிய பெரியவர் ஒருவர் ஜெய்ஹிந்துபுரத்தில் இருக்கிறார். மூன்றாவது படத்தை எடுத்துக்கொண்டு அவரைப் பார்க்கப் போகிறேன்.

இனி ஒரு கேள்வி மட்டும் மீதமிருக்கிறது. முதல் படத்தை மீண்டும் எடுக்க எந்த நேரத்தில் போக வேண்டும்? நிலையத்தின் முன்பகுதியில் கட்டுமான வேலைக்காகத் தகரத் தடுப்புகள் இருந்தால் எங்கே நிற்பது?

மறுமொழி | தல்லாகுளம்

நிலையத்துக்கு எதிர்ச்சாரி என்பதால் முகப்பு மேற்கு நோக்கியது. காலையில் போனால் முகப்பு முழுவதும் நிழலில் இருக்கும். கோபுரமும் எதிர்வெயிலில் கறுத்துத் தெரியும். உங்கள் படத்தில் தூண்களின் மேற்கு முகம் வெளிச்சமாக இருந்து, அவற்றின் நிழல் உட்பக்கம் விழுந்திருந்தால், எடுத்தவர் பிற்பகலில்தான் நின்றிருக்கிறார். நிழல் வடக்குப் பக்கம் சாய்கிறதா தெற்குப் பக்கம் சாய்கிறதா என்றும் பாருங்கள். தெற்கே சாய்ந்தால் ஏறத்தாழ ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரையிலான மாதங்களில் எடுத்தது. வடக்கே சாய்ந்தால் ஆண்டின் மற்றப் பகுதி. அதே பருவத்தில் பிற்பகல் மூன்றரை மணியிலிருந்து ஐந்து மணிக்குள் போனால் ஏறத்தாழ அதே நிழல் கிடைக்கும்.

2022-இல் அடிக்கல் நாட்டிய நிலைய மறுசீரமைப்பு வேலையால் நிற்கும் புள்ளி தடுப்புக்குள் போயிருந்தால், நான் சொன்ன நேர்கோடுகளில் ஒன்றின் மீதே சத்திரத்தை நோக்கி முன்னால் வந்து நின்று எடுங்கள். ஒரு கோடாவது சரியாக இருக்கும். எவ்வளவு முன்னால் வந்தீர்கள் என்பதை அடிக்கணக்கில் அளந்து படத்தின் கீழே எழுதிவிடுங்கள். நிலைய வளாகத்துக்குள் முக்காலி வைத்து எடுப்பதாக இருந்தால் நிலைய மேலாளரிடம் எழுத்து மூலம் அனுமதி பெற்றுக்கொள்ளுங்கள். வெளியே மேலவெளி வீதியில் போக்குவரத்துக் காவலரிடம் சொல்லிவிட்டு நிற்பது நல்லது. பட அட்டையின் பின்பக்கத்தையும் இங்கே பதிவேற்றுங்கள், முகவரியை மறைத்துவிட்டு. அஞ்சல் முத்திரையில் தேதி படிக்க முடிந்தால் அந்தப் படம் எந்த ஆண்டுக்குப் பிந்தியதாக இருக்க முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடலாம்.